மாமியார் மடியில் ஒரு சிவப்பு வில்லை

"மெரே, அதை எங்க மாட்டியிருக்கேன்னு பாத்துத்தான் மாட்டினியா?"

"கண்ணு நல்லாத்தான் தெரியுது டூகல்."

"அது மாமியார் மடி."

"தெரியும்."

"பிரிஸ்பேன்லேருந்து வந்திருக்காங்களே, அவங்க அதுக்குன்னே வந்தவங்க."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? மாமியாருக்கு இன்னைக்கு மனசு சரியில்ல."

ரூடி குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கில் ஏறிவிட்டது. சுவிட்சர்லாந்திலிருந்து வந்த வழிகாட்டி, சிரிப்பை அடக்கத் தெரியாதவன். கம்பெனி முதலாளி டூகல் சிரிக்கவில்லை. கையிலிருந்த கோப்பையை ஓசை வராமல் மேஜையில் வைத்தான். அவன் எதையாவது ஓசை வராமல் வைத்தால் கோபத்தில் இருக்கிறான் என்று அந்தக் கொட்டகையில் எல்லோருக்கும் தெரியும்.

கொட்டகை என்றால் ஆட்டு ரோமம் கத்தரிக்கிற கொட்டகைதான். ஆடுகள் கீழே புல்வெளிக்குப் போய்விடும் குளிர்காலத்தில் அது பனிச்சறுக்கு வழிகாட்டிகளின் கூட்ட அறையாகிவிடும். ரோம வாடை மட்டும் எந்தக் காலத்திலும் போகாது. சுவர் முழுக்க மலைத்தொடரின் பெரிய புகைப்படம் ஒன்று. ஹெலிகாப்டரில் ஆட்களைக் கொண்டுபோய் இறக்கிச் சறுக்க வைக்கும் ஒவ்வொரு சரிவின் மேலும் ஓர் ஆணி. அதில் ஒரு பெரிய சரிவின் பேர்தான் மாமியார் மடி. ஒவ்வொரு வழிகாட்டிக்கும் பேர் எழுதிய சிவப்பு வில்லை ஒன்று உண்டு. ஆட்டின் காதில் மாட்டுகிற பிளாஸ்டிக் வில்லை. காலையில் எல்லோருமாக உட்கார்ந்து பனியைப் பற்றிப் பேசுவார்கள். எந்தச் சரிவு வேண்டாம் என்று யாருக்குத் தோன்றுகிறதோ அவர் தன் வில்லையை அந்த ஆணியில் மாட்டுவார். ஒரு வில்லை போதும், அந்தச் சரிவு மூடப்பட்டது. மாட்டியவர் தானாகக் கழற்றும்வரை இன்னொரு கை அதைத் தொடாது. "கழற்று" என்று வாய்விட்டுக் கேட்கவும் மாட்டார்கள். டூகலின் அப்பா ஏற்படுத்திய வழக்கம் அது. எந்தக் காகிதத்திலும் அது எழுதியில்லை.

"காரணம் சொல்லு," என்றான் டூகல். காரணம் கேட்கலாம். அதற்குத் தடையில்லை.

மெரேயானா எழுந்து புகைப்படத்துக்குப் பக்கத்தில் போனாள். உயரம் குறைவு, தோள் அகலம். அவளுடைய ஜனங்கள் இந்தத் தீவுக்கு முதலில் வந்து மலைகளுக்குப் பேர் வைத்தவர்கள். அதை அவள் யாரிடமும் சொல்லிக் காட்டுகிறவள் இல்லை.

"போன வாரம் வானம் தெளிஞ்சு கிடந்துச்சு, காத்தே இல்லாத குளிர். பனி மேல இறகு இறகா உறைபனி பூத்துச்சு. அழகா இருக்குன்னு எல்லாரும் போட்டோ எடுத்தீங்க."

"நான் எடுத்தேன். என் வீட்டுக்காரிக்கு அனுப்பினேன்," என்றான் ரூடி.

"அந்த இறகு மேலதான் புதுப் பனி விழுந்துச்சு. அப்புறம் வடமேற்குக் காத்து வந்து, முகட்டுக்கு அந்தப் பக்கம் கிடந்ததை எல்லாம் வாரி இந்தப் பக்கம் அப்பிட்டுப் போச்சு. மடி தெற்குச் சரிவு. நம்ம தீவுல வெயில் வடக்கேருந்துதான் அடிக்கும், மடியை எட்டியே பாக்காது. இறகு அப்படியே கீழ கிடக்கு, மேல பலகை மாதிரி இறுகின பனி. பலகையைக் கொண்டுபோய் இறகு மேல சாய்ச்சு வெச்சிருக்கு. அதுமேல நாம போய் ஏறி நிக்கணுமா?"

"அம்மணி, பனி தாங்குதான்னு நானும் குழி தோண்டிப் பாத்தேன்," என்றான் ரூடி. "தூண் மாதிரி வெட்டி நிறுத்தி, மேல மண்வாரியை வெச்சுத் தட்டினேன். மணிக்கட்டால தட்டினேன், முழங்கையால தட்டினேன், தோளையே கழட்டிப் போட்டுத் தட்டினேன். அசையல."

"நீ முகட்டை ஒட்டித் தோண்டினே. காத்து வழிச்சுத் துடைச்ச இடம். அங்க பலகையும் இல்ல, இறகும் இல்ல."

"உன் குழியில?"

"முழங்கையாலதான் தட்டினேன். மேல் அடுக்கு மேஜை டிராயர் மாதிரி வெளிய வந்துச்சு."

"எத்தனை குழி தோண்டினே?"

"ரெண்டு."

"ரெண்டுலயும் வந்துச்சா?"

"ஒண்ணுல வந்துச்சு. இன்னொண்ணுல வரல."

"பாதிக்குப் பாதி!" டூகல் கையை விரித்தான்.

"பாதின்னா என்ன பண்றது? ஒரு காலை மட்டும் உள்ள வெக்கிறதா?"

"மெரே..."

"நடந்து திரும்பும்போது காலுக்கு அடியில அடுக்கு உடைஞ்சு 'ஹூம்ம்'னு பனி உக்காந்துச்சு டூகல். வயித்துல கேட்டேன் அந்தச் சத்தத்தை."

"வேற யாராவது கேட்டீங்களா?"

மூலையில் பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்த ஹேமிஷ் தலையைத் தூக்கினார். ஹெலிகாப்டர் ஓட்டுகிறவர். அதற்கு முன்னால் ஆடு மேய்த்தவர், அதற்கும் முன்னால் என்ன செய்தார் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறவர். "பக்கத்துலதான் நின்னேன். என்ஜின் ஓடிட்டிருந்துச்சு. என் பொண்டாட்டி கூப்பிட்டாலே எனக்குக் கேக்காது, பனி கூப்பிட்டா கேக்கப்போகுதா?"

"அந்த மடிக்குக் கீழ என்ன இருக்குன்னு உங்க எல்லாருக்கும் தெரியும்," என்றாள் மெரேயானா. "அகலச் சரிவா இருந்தா, சரியற பனி ஆளை அடிச்சுட்டுப் போய் எங்கயாவது துப்பிரும். இது துப்பாது. எல்லாத்தையும் வாரி அடிவாரத்துக் குழிக்குள்ள போட்டு மேல போத்திரும். அங்க போனவனைத் தோண்டி எடுக்கறதுக்குள்ள அவன் ஆளா இருக்கமாட்டான்."

டூகல் புகைப்படத்தைப் பார்த்தான், வில்லையைப் பார்த்தான். "சரி. இன்னைக்கு மூடியாச்சு," என்றான்.

அந்தப் பள்ளத்தாக்கில் இருந்தது அந்த ஒரே கம்பெனி. மெரேயானாவின் வீடு ஏரிக்கரை ஊரில், அம்மா அதே தெருவில். இங்கே வேலை இல்லையென்றால் ஜப்பானுக்கோ கனடாவுக்கோதான் பெட்டி கட்ட வேண்டும். டூகலின் முகத்தைப் பார்த்தபோது பெட்டி எங்கே இருக்கிறது என்று அவளுக்கு யோசனை ஓடியது. பரண்மேல், அப்பாவின் தூண்டில்களுக்கு அடியில்.

அன்றைக்குச் சாய்வு குறைந்த சரிவுகளுக்குத்தான் போனார்கள். நல்ல பனிதான், தூளாகப் பறந்தது. ஆனால் டிரென்டின் முகம் மட்டும் விடியவே இல்லை. காசு கட்டிச் சறுக்க வந்த பிரிஸ்பேன் கூட்டத்துக்குத் தலைவன் அவன். நல்ல மனுஷன்தான். மூன்று குளிர்காலமாக வந்து மழையையும் மேகத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவன். மதியம் பாறை மறைவில் உட்கார்ந்து ஆட்டிறைச்சி அடைத்துச் சுட்ட அப்பம் சாப்பிடும்போது கேட்டே விட்டான்.

"இதெல்லாம் என் பொண்ணு சறுக்குற சரிவுங்க. அவளுக்கு வயசு ஏழு."

"கூட்டிட்டு வாங்க. நல்லாப் பாத்துக்கறேன்," என்றாள் மெரேயானா.

"அந்தப் பெரிய சரிவு ஏன் கிடையாது?"

"நான் வேண்டாம்னு சொன்னேன்."

"நீங்க மட்டுமா?"

"நான் மட்டும்தான்."

"மத்தவங்க சரின்னாங்களா?"

"கேட்டா சொல்லுவாங்க." எதையும் திருடுகிற மலைக்கிளியான கியா ஒன்று டிரென்டின் கையுறையைக் கவ்விக்கொண்டு ஓடியது. யாரும் துரத்தவில்லை. அந்த நேரத்தில்தான் ரூடி எழுந்து நின்றான்.

"அங்க பாருங்க."

எதிர்ப்பக்கம், மாமியார் மடியின் உச்சியில், ஐந்து புள்ளிகள். மலையேறும் கிளப்பின் குடிசையிலிருந்து நடந்தே ஏறி வந்த பையன்களாக இருக்க வேண்டும். மெரேயானா வாக்கி-டாக்கியை எடுத்து எல்லோரும் கேட்கிற அலைவரிசையில் கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். முதல் புள்ளி இறங்கத் தொடங்கியது.

"தனித்தனியா இறங்குங்கடா," என்று அவள் முணுமுணுத்தாள். "ஒருத்தன் இறங்கி ஒதுங்கினப்புறம் அடுத்தவன். அடப்பாவிகளா, தனித்தனியா..."

மண்வாரியை முதுகுப்பையிலிருந்து உருவி, மடித்த பிடியை நீட்டி வைத்துக்கொண்டாள். ரூடியும் எடுத்தான். ஹேமிஷ் சொல்லாமலே ஹெலிகாப்டரில் ஏறிக் கையை விசையில் வைத்துக் காத்திருந்தார். இரண்டாவது புள்ளி. மூன்றாவது. நாலாவதும் ஐந்தாவதும் சேர்ந்தே இறங்கின. சரிவின் நடுவே இருக்கிற புடைப்பை அவை கடந்தபோது மெரேயானா மூச்சு விடவில்லை. தான் சொன்னது மெய்யாகட்டும் என்ற நினைப்பு அவளுக்குள் ஒரு துளிகூட வரவில்லை. அது வராததை அவளே கவனித்தாள்.

ஐந்து கோடுகள் வளைந்து வளைந்து கீழே போய்ச் சேர்ந்தன. மலை அப்படியே இருந்தது. பையன்கள் போட்ட கூச்சல் பள்ளத்தாக்கைத் தாண்டி மெல்லியதாக வந்து சேர்ந்தது.

"அஞ்சு பேரு," என்றான் டிரென்ட்.

"ஆமா," என்றாள் மெரேயானா, மண்வாரியை மடித்தபடி.

"ஒண்ணும் ஆகலையே?"

"ஆகல. நல்லதாப் போச்சு."

சாயங்காலம் கொட்டகையில் டூகல் தனியாகக் காத்திருந்தான். ரூடியும் ஹேமிஷும் அவளோடேயே உள்ளே வந்துவிட்டார்கள். தனியாகப் பேச வேண்டும் என்று அவன் நினைத்திருந்தால் அது நடக்கவில்லை.

"தடம் பாத்தியா?"

"பாத்தேன்."

"அஞ்சு தடம் மெரே. நடு மடியில. இதைவிடப் பெரிய சோதனை உன் குழியில இருக்கா?"

"அஞ்சு பேரு போனதுக்கு அது சாட்சி. ஆறாவது ஆளுக்கு அது என்ன சொல்லுது? அந்த இறகு அவங்க போனப்புறம் எந்திரிச்சு வீட்டுக்கா போயிருச்சு? பலகை கனமா இருக்கிற இடத்துல மிதிச்சா தாங்குது. எங்கயோ ஓரத்துல மெலிசா இருக்கும், அங்க ஒருத்தன் மிதிப்பான். தடத்தைப் பாத்து இறங்கித்தான் நம்ம தொழில்ல பாதிப் பேரு செத்தான்."

"நாளைக்கு வானம் தெளிவா இருக்கும். அதுக்கப்புறம் புயல். டிரென்ட் கூட்டத்துக்கு நாளைக்கு ஒரு நாள்தான்." டூகல் தொண்டையைச் செருமினான். "வில்லையைக் கழட்டிரு மெரே."

கொட்டகையில் ரோம வாடை திடீரென்று கூடின மாதிரி இருந்தது. ரூடி அடுப்பில் விறகு வைக்கப் போனவன் விறகும் கையுமாக நின்றான். ஹேமிஷ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"என்ன சொன்னே?" என்றாள் மெரேயானா.

"கேட்டுச்சில்ல?"

"உங்க அப்பா இருந்தா அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பியா?"

"எங்க அப்பா காலத்துல வங்கிக்காரன் இப்படிக் கதவைத் தட்டல. நாளையிலேருந்து கை தூக்கி முடிவு பண்ணுவோம். யாருக்கு அதிகக் கையோ அதுபடி. ஒருத்தர் வயித்துல கேட்ட சத்தத்துக்கு ஒரு மலையையே மூட முடியாது."

"கழட்ட மாட்டேன்."

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுத்தான் மாட்டினேன். கழட்டறதுக்கு யோசிக்க ஒண்ணுமில்ல."

மறுநாள் காலை வானம் கண்ணாடி மாதிரி இருந்தது. மெரேயானா வரும்போதே டூகல் புகைப்படத்துக்கு முன்னால் நின்றான். எல்லோரும் உட்காரும்வரை பொறுத்தான். பிறகு கையை நீட்டி மாமியார் மடி ஆணியிலிருந்து வில்லையைக் கழற்றி மேஜையில் வைத்தான். ஓசையே வரவில்லை.

மெரேயானா எழுந்தாள். மேஜையிலிருந்து எடுத்தாள். ஆணியில் மாட்டினாள். வந்து உட்கார்ந்தாள்.

டூகல் கழற்றினான்.

அவள் எழுந்தாள், எடுத்தாள், மாட்டினாள். இந்தத் தடவை உட்காரவில்லை. ஆணிக்குப் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள்.

"சின்னப்புள்ளத்தனமா இருக்கு," என்றான் டூகல்.

"இருக்கட்டும். எத்தனை தடவை கழட்டுவே? எனக்கு இன்னைக்கு வேற வேலை இல்ல."

"கை தூக்குங்க," என்றான் டூகல் மற்றவர்களைப் பார்த்து. "மடிக்குப் போகலாம்ங்கறவங்க கை தூக்குங்க." தன் கையைத் தூக்கினான். "ரூடி, உன் குழி நல்லாத்தானே இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு," என்றான் ரூடி. கையை எடுத்துச் சட்டைப்பைக்குள் விட்டான். வெளியே வந்தபோது அவனுடைய சிவப்பு வில்லை கையில் இருந்தது. நேரே போய் மெரேயானாவின் வில்லைக்கு மேலேயே அதை மாட்டினான்.

"என்னடா இது?"

"அம்மணி சொல்றதை நான் நம்பல டூகல். அந்தச் சத்தம் அன்னைக்கு அவ தின்ன பீன்ஸ் பண்ணின சத்தமாத்தான் இருக்கும்."

"உன் வாயில மண்ணு," என்றாள் மெரேயானா.

"ஆனா இன்னைக்கு அவ வில்லையை நீ கழட்டினா, நாளைக்கு நான் மாட்டறதுக்கு என்ன மதிப்பு? நான் இந்த மலையில தைரியமா நடக்கறதே எனக்கு பயம் வந்தா அந்த ஆணி இருக்குங்கறதாலதான். ஆணியைப் பிடுங்கிட்டீன்னா நான் ஊருக்கே போய் மாடு மேய்ப்பேன்."

டூகல் ஹேமிஷைப் பார்த்தான். ஹேமிஷிடமும் ஒரு வில்லை உண்டு. அதை அவர் ஹெலிகாப்டர் சாவியில் கோத்து வைத்திருந்தார். அதுவரை அதை மாட்டியதே இல்லை.

"என்னைப் பாக்காதே," என்றார் ஹேமிஷ். "சிவப்பு தொங்கற இடத்துல நான் இறக்கமாட்டேன். ஒண்ணு தொங்கினாலும் சரி, ஒம்பது தொங்கினாலும் சரி. வேணும்னா நீயே ஓட்டிக்கோ, இந்தா சாவி."

சாவி மேஜைமேல் விழுந்தது, வில்லையோடு சேர்த்து. அது நல்ல ஓசையோடுதான் விழுந்தது.

டூகலுக்கு ஹெலிகாப்டர் ஓட்டத் தெரியாது. சாவியை ஹேமிஷ் பக்கமே தள்ளினான். "வடக்குச் சரிவுகளுக்குப் போங்க," என்றான் கடைசியில். "மெரே, நீ போக வேண்டாம். புயல் முடிஞ்சதும் உன் கணக்கை முடிச்சிரலாம்."

"முடிச்சுக்கோ."

"கோபமில்லையே?"

"கோபம்தான். நல்லாவே கோபம். ஆனா வில்லை அங்கதான் இருக்கும்."

டிரென்ட் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான் என்று அப்போதுதான் தெரிந்தது. தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு மெரேயானாவை வழிமறித்தான்.

"எங்களாலதான் உங்களுக்கு வேலை போச்சா?"

"உங்களால இல்ல. என்னாலதான் போச்சு."

"இப்பக்கூட நீங்க கழட்டிட்டா..."

"உங்க பொண்ணுக்கு ஏழு வயசுன்னீங்களே," என்றாள். "போய்ச் சறுக்குங்க, இன்னைக்கு வடக்குப் பக்கம் பனி அருமையா இருக்கும்."

புயல் வந்தது. முதலில் பனி, பிறகு வடமேற்கிலிருந்து வெதுவெதுப்பான மழை, உச்சிவரைக்கும். பிரிஸ்பேன்காரர்கள் ஊர் திரும்பினார்கள். மழை நின்றதும் நனைந்த பனி இறுக உறைந்தது. அதன்மேல் மெல்லிசாகப் புதுப் பனி விழுந்தது. மேகம் விலகியபோது முதலில் மாமியார் மடியைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். அது வழுவழுவென்று அப்படியே கிடந்தது. கீழே குழியில் ஒரு கட்டிகூட உருண்டு விழுந்திருக்கவில்லை.

அன்று காலை ரூடி அவள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினான். மெரேயானா ஏற்கெனவே பூட்ஸ் மாட்டியிருந்தாள்.

"எங்க?" என்றாள்.

"நீ எங்க போறியோ அங்க. தனியா போகக் கூடாதுன்னு நீதானே எல்லாரையும் திட்டுவே."

சறுக்குக் கட்டைக்கு அடியில் பின்னால் வழுக்காமலிருக்கத் தோல்பட்டை ஒட்டிக்கொண்டு நடந்தே ஏறினார்கள். மடியின் ஓரத்தில், பாறையை ஒட்டி, பத்திரமான இடத்தில் அவள் தோண்டினாள். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. இன்னும் தள்ளி இன்னொன்று. மணிக்கட்டால் தட்டினாள், முழங்கையால் தட்டினாள், தோளால் தட்டினாள். பனித்தூண் சிமெண்ட் மாதிரி நின்றது. கையுறையைக் கழற்றி விரலால் அடுக்கைத் தடவிப் பார்த்தாள். இறகு இருந்த இடத்தில் மழை இறங்கி உறைந்த கெட்டி ஐஸ்தான் இருந்தது.

"போயிருச்சு," என்றாள்.

"சறுக்கலாமா?"

"இரு. முதல்ல கீழ ஒரு வேலை இருக்கு."

"என்னது! ஏறினதையெல்லாம் இறங்கி மறுபடி ஏறணுமா? உனக்குப் பைத்தியமா?"

"சிவப்பு தொங்கும்போது நான் சறுக்கமாட்டேன்."

கொட்டகையில் டூகல் தனியாக உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் அவளுடைய கணக்கை முடித்த சம்பள உறை இருந்தது. மெரேயானா அதைத் தொடாமல் புகைப்படத்துக்குப் போனாள். ரூடி மேலே தொங்கிய தன் வில்லையைக் கழற்றினான், அவள் தன்னுடையதைக் கழற்றினாள்.

"இப்ப கழட்டறியா?" என்றான் டூகல். "வேலையை விட்டு அனுப்பினப்புறமா?"

"உன் வேலைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? பனி மாறிருச்சு, கழட்டறேன்."

"சரியவே இல்லையே மெரே. கடைசிவரைக்கும் சரியவே இல்லையே."

"இல்ல."

"அப்போ நீ சொன்னது தப்பு."

"நான் சரியும்னு சொல்லல டூகல். போகமாட்டேன்னு சொன்னேன்."

டூகல் எழுந்தான். அவள் கையிலிருந்த வில்லையைக் காட்டினான். "அதை இங்க வெச்சுட்டுப் போ. கம்பெனி வில்லை."

"என் பேருதான் எழுதியிருக்கு." வில்லையைச் சட்டைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். "அடுத்த வருஷம் ஆள் தேடுவே. வர்றவங்ககிட்ட ஆணி எதுக்குன்னு சொல்லு. உனக்குச் சொல்ல வெக்கமா இருந்தா ரூடி சொல்லுவான்."

வெளியே ஹேமிஷ் ஹெலிகாப்டருக்கு முன்னால் டீ குடித்துக்கொண்டிருந்தார். "ஏறுங்க ரெண்டு பேரும்," என்றார்.

"டூகலைக் கேட்டீங்களா பெருசு?" என்றான் ரூடி.

"என்ஜின் ஓடும்போது எனக்கு எதுவும் கேக்காதுன்னு அவனுக்கே தெரியும்."

உச்சியில் இறக்கிவிட்டுச் சத்தம் தேய்ந்து போனபின் மடி முழுக்க அவர்களுக்கு முன்னால் விரிந்து கிடந்தது. யார் தடமும் இல்லை. மெரேயானா விளிம்பில் நின்று ஒரு காலை ஊன்றி மிதித்துப் பார்த்தாள். காதைச் சாய்த்தாள். பனி எதுவும் பேசவில்லை.

"பயமா இருக்கா அம்மணி?"

"இருக்கு. நான் பாதி இறங்கி, அந்தப் பாறைக்குப் பின்னால ஒதுங்கிக் கை காட்டினப்புறம்தான் நீ வரணும். என் தடத்துல வராதே. உனக்குன்னு வேற தடம் போடு."

"உத்தரவு."

"ரூடி."

"ம்?"

"அது பீன்ஸ் இல்ல."

அவன் சிரித்து முடிப்பதற்குள் அவள் இறங்கிவிட்டிருந்தாள்.